ஊரைத் திட்டமிடப் படிப்பது: கிராமியத் திட்டமிடல், அபிவிருத்திப் பட்டப்படிப்புகளில் என்ன கற்கிறார்கள்?

உயர்தரம் இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டால் வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மகள், அடுத்தது என்ன?" எனது வகுப்பில் பலரிடம் இதற்கு ஆயத்தமான பதில் உண்டு. ஆசிரியை, சட்டத்தரணி, கணக்காளர். நான் "திட்டமிடல்" என்று சொன்னபோது வாப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அதைப் படிச்சா என்ன வேலை?" என்று கேட்டார். உம்மாவின் கேள்வி வேறு மாதிரி இருந்தது. "ஊரை யாரு மகள் திட்டம் போட்டு உண்டாக்கினது? அது தானா உண்டானதுதானே."

வாப்பாவின் கேள்விக்கு ஒரு பட்டியலைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். உம்மாவின் கேள்விக்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. பல்கலைக்கழகக் கைநூலைப் பார்த்தேன். பாடநெறி விபரங்களை வாசித்தேன். புவியியல் ஆசிரியையிடம் கேட்டேன். அறிந்தவற்றை எமது மன்னார்த் தீவை உதாரணமாக வைத்து இங்கே எழுதுகிறேன். வாசிக்கும் தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கே படிக்கலாம் என்பது. இலங்கையில் இதற்கென்றே இருக்கும் முதன்மையான பட்டம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் நடக்கும் நகர, கிராமத் திட்டமிடல் சிறப்புப் பட்டம். நான்கு வருடங்கள், ஆங்கில மொழிமூலம். கணிதப் பிரிவு மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புவியியல், பொருளியல் போன்ற பாடங்கள் எடுத்தவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் சாதாரண தரப் பெறுபேறுகளிலும் நிபந்தனைகள் இருப்பதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "கிராமிய அபிவிருத்தி" என்ற பெயரிலேயே முதல் பட்டம் தேடினால் எமது நாட்டில் அதிகம் கிடைக்காது. அந்த அறிவு புவியியல், பொருளியல், விவசாயம், செயற்றிட்ட முகாமைத்துவம் ஆகிய பட்டங்களுக்குள் பரந்து கிடக்கிறது. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும் இவற்றைப் படிக்கலாம். வவுனியா எமக்குப் பக்கம். பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி.

கடலுக்கு அப்பால், திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் இதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. மருத்துவரான சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் கட்டியெழுப்பிய காந்திகிராம கிராமிய நிறுவனம் 1956இல் தொடங்கியது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மாணவர்கள் குழுவாக ஒரு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் அங்கேயே தங்கி வேலை செய்வது படிப்பின் ஒரு பகுதி. கிராமத்தைப் பற்றிப் படிப்பவர் கிராமத்தில் தூங்கி எழும்ப வேண்டும் என்பது நியாயமாகத்தான் படுகிறது.

இனி என்ன படிக்கிறார்கள் என்பதற்கு வருவோம். எந்த நாட்டுப் பாடநெறியை எடுத்தாலும் முதலில் வருவது ஆய்வு. திட்டம் பிறகுதான். பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் நூறு வருடங்களுக்கு முன்பே இதை வலியுறுத்தினார். நோயைப் பார்க்காமல் மருந்து கொடுக்காதே என்பது அவருடைய பேச்சின் சாரம். அவர் 1915 அளவில் சென்னை மாகாணத்து நகரங்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். 1921இல் கொழும்பு நகரத் திட்டம் பற்றியும் ஓர் அறிக்கை தந்தார். நடந்து பார்த்தார் என்பதுதான் இதில் முக்கியம்.

நடந்து பார்த்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது என்று சொன்னவர் றொபேட் சேம்பர்ஸ். இவர் 1970களில் தமிழ்நாட்டின் வட ஆற்காட்டிலும் இலங்கையிலும் நெற்செய்கைக் கிராமங்களை ஆராய்ந்தவர்களில் ஒருவர். 1983இல் வெளிவந்த அவருடைய நூல் கிராமிய அபிவிருத்தி படிக்கிறவர்கள் எல்லோரும் அறிந்தது. வெளியிலிருந்து கிராமத்துக்கு வரும் அதிகாரிகளுக்கும் நிபுணர்களுக்கும் ஏழைகள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று அவர் அதில் விளக்குகிறார். வருகிறவர்கள் தார் வீதியோரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஏற்கனவே திட்டம் நடக்கும் இடத்துக்குத்தான் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். ஊர்த் தலைவர்களோடும் ஆண்களோடும்தான் பேசுகிறார்கள். மழைக்காலத்தில் வீதி கெட்டுப்போவதால் வரண்ட காலத்தில்தான் வருகிறார்கள்.

இதை வாசித்தபோது அவர் மன்னாருக்கு வந்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகும் ஏ 14 வீதியில் வாகனம் ஓடும். தாம்போதியைக் கடந்து, இரண்டு பக்கமும் நீரையும் பறவைகளையும் பார்த்து, பனைகளையும் கழுதைகளையும் படம் பிடித்துக்கொண்டு, பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பினால், வந்தவருக்கு மன்னார் அழகான, காய்ந்த, அமைதியான ஊர். வீதியிலிருந்து மணல் ஒழுங்கைக்குள் இறங்கியவர்களுக்குத்தான் கார்த்திகை, மார்கழியில் வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளம் தெரியும். எமது மழை வடகீழ்ப் பருவக்காற்றின் மழை. ஆவணியில் வந்தவர் வெள்ளம் ஓடும் பாதையைப் பார்க்க முடியாது. அந்தப் பாதையின் குறுக்கே ஒரு வீதியையோ மதிலையோ அவர் வரைந்துவிட்டால், கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

இந்தக் குறையை நீக்கத்தான் ஊர்மக்களையே வரைபடம் வரையச் செய்யும் முறையைக் கற்பிக்கிறார்கள். தரையில் கோலப்பொடியோ குச்சியோ கொண்டு அவர்களே தம் ஊரை வரைவார்கள். மாணவர் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊரவரோடு குறுக்கே நடந்து, மண், மரம், கிணறு, வீடு எல்லாவற்றையும் குறிப்பதும் உண்டு. பன்னிரண்டு மாதங்களையும் கோடு போட்டுப் பிரித்து, எந்த மாதம் உழைப்பு, எந்த மாதம் கடன், எந்த மாதம் காய்ச்சல், எந்த மாதம் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று நிரப்பும் பருவகால நாட்காட்டியும் உண்டு.

நான் இதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். வாப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்து எங்கள் ஊரை வரையச் சொன்னேன். அவர் முதலில் வீதியைக் கீறினார். பிறகு பள்ளிவாசல், இறங்குதுறை, கடைகள், பாடசாலை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். உம்மம்மாவுக்குத் தாள் பிடிக்கவில்லை. முற்றத்து மணலில் விரலால் கீறினார். அவர் முதலில் வைத்தது ஒரு கிணறு. "இதுதான் நல்ல தண்ணி. இதுல சவர் இல்ல." அதற்குப் பக்கத்தில் இன்னொரு கிணறு, அது குளிக்க மட்டும். பிறகு ஒழுங்கைகள். வீடுகளை ஆட்களின் பெயர் சொல்லி வைத்தார். சில வீடுகளுக்கு ஆள் இப்போது இல்லை. புத்தளத்திலேயே இருந்துவிட்டவர்கள், மௌத்தானவர்கள். வாப்பாவின் படத்தில் ஒரு கிணறும் இல்லை. உம்மம்மாவின் படத்தில் பெரிய வீதியே இல்லை. இரண்டையும் சேர்த்து நான் ஒரு தாளில் வரைந்தேன். முழு மாலையும் போனது.

அடுத்து, சனத்தொகைக் கணிப்பு. ஓர் ஊரில் இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்கு வருவார்கள், எத்தனை வீடு வேண்டும் என்று கணக்கிடும் முறை இது. கேட்க இலகு. வடமாகாணத்து முஸ்லிம்களான எங்களைக் கணக்கிடுவதுதான் கடினம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை எமது பெற்றோர் சொல்லி நாம் எல்லோரும் அறிவோம். மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலானவர்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். எங்கள் உம்மம்மா ஐந்து பிள்ளைகளோடு போனார். அது ஒரு குடும்பம். யுத்தம் 2009இல் முடிந்து திரும்பி வரும் காலத்தில் அந்த ஐந்து பிள்ளைகளும் மணமுடித்திருந்தார்கள். ஆகவே ஆறு குடும்பம். பழைய பதிவில் ஒரு பெயர், ஒரு வளவு, ஒரு கிணறு. திரும்பி வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் 1990இன் ஒன்றைச் சொல்வதா, இன்றைய ஆறைச் சொல்வதா?

இதற்கு மேல் சொற்களின் சிக்கலும் சேர்ந்தது. 2009க்குப் பிறகு இடம்பெயர்ந்தோரைப் "பழையவர்", "புதியவர்" என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள். அவர்களுடைய நிலை மிகக் கொடுமையாக இருந்தது. அவர்களுக்கு முதலிடம் கொடுத்ததில் பிழை சொல்ல முடியாது. ஆனால் இருபது வருடம் முகாமில் இருந்தவர்கள் "பழையவர்" என்ற ஒரு சொல்லால் வரிசையின் பின்னுக்குப் போனார்கள். 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை வடக்கு முஸ்லிம்களின் நிலைமையைத் தனியாக எடுத்துப் பேசியது. ஒரு படிவத்தில் என்ன தலைப்புகள் இருக்க வேண்டும் என்பதைத் திட்டமிடல் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள் என்று அறிந்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுக் கதையை நினைத்தபின் சிரிப்பு வரவில்லை.

இன்றும் பல குடும்பங்கள் இரண்டு இடத்தில் வாழ்கின்றன. வாப்பா மன்னாரில் தொழில், பிள்ளைகள் புத்தளத்தில் படிப்பு. விடுமுறைக்கு இங்கே, தவணை தொடங்கினால் அங்கே. கணக்கெடுக்கும் நாளில் அவர்கள் எந்த ஊர்? ஒருவர் வழமையாக வாழும் இடம் எது, அன்றைக்கு இருந்த இடம் எது என்பதைப் பிரித்து எழுதும் முறைகள் உண்டு. தவறாக எழுதினால் ஓர் ஊரில் ஆசிரியர் தொகை குறையும். மற்ற ஊரில் வாக்காளர் பெயர் விடுபடும்.

நிலமும் சட்டமும் தனிப் பாடங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் பல குடும்பங்களுக்கு அரச காணி அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால் காணி யாருக்கு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்லும். அதில் மகளுக்கு முன்னே மகன் இருந்தான். இந்த வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. 87 வருடம். கடற்கரை ஊர்களில் வாழும் நாம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு சட்டம் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம். உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரைக்கும் கரையோர வலயம் என்று அது சொல்கிறது. மன்னார்த் தீவு போன்ற ஒடுங்கிய நிலத்தில் 300 மீற்றர் என்பது எத்தனை வீட்டு வளவுகளைத் தொடும் என்று யோசித்துப் பாருங்கள்.

முசலிப் பிரதேசத்துக் கதை இன்னும் சிக்கலானது. மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி முதலிய ஊர்களிலிருந்து 1990இல் மக்கள் போனபின் இருபது வருடம் அங்கே மரம் வளர்ந்தது. 2012இல் அந்தப் பக்கத்து நிலங்கள் ஒதுக்குக் காடுகளாக வர்த்தமானியில் வந்தன. 2017 மார்ச்சில் அவற்றைச் சேர்த்து 40,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட பரப்பு மாவில்லு பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் தாம் விட்டுப்போன மேய்ச்சல் நிலமும் தோட்டமும் கோட்டுக்குள் போய்விட்டன என்றார்கள். சூழலியலாளர்கள் வில்பத்துவை ஒட்டிய காடு அழிக்கப்படுகிறது என்றார்கள். மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்ட ஓரிடத்தில் மீண்டும் மரம் நட வேண்டும் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் இதில் ஒரு பக்கம் மட்டும் பேச விரும்பவில்லை. காடு வேண்டாம் என்று மன்னார்ப் பிள்ளை சொல்ல முடியாது. எமது மழையும் எமது குளமும் அதனோடு சேர்ந்தவை. எனது கேள்வி வேறு. வானத்திலிருந்து எடுத்த படத்தில் 2012இல் அங்கே மரம்தான் தெரிந்திருக்கும். ஆள் இல்லாத நாளில் எடுத்த படத்தில் ஆள் எப்படித் தெரிவார்? ஜி.ஐ.எஸ். என்று அழைக்கப்படும் புவியியல் தகவல் முறைமையை இந்தப் பட்டத்தில் விரிவாகக் கற்பிக்கிறார்கள். ஒரே நிலத்தின் பல வரைபடங்களைக் கணினியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் கலை அது. அந்த அடுக்கில் செய்மதிப் படம் மட்டும் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 1990க்கு முந்திய விமானப் படம், காணி உறுதி, பாடசாலை அனுமதிப் பதிவேடு, பள்ளிவாசல் பதிவு, மையவாடி, பாழடைந்த கிணற்றுக் கட்டு ஆகியவற்றையும் அடுக்கலாம். கோடு போடுவதற்கு முன் இவை எல்லாம் மேசைக்கு வந்தால், காட்டுக்கு எது, ஊருக்கு எது என்ற பேச்சு நீதிமன்றம் வரை போகாமல் முடிய இடமுண்டு என்று நினைக்கிறேன்.

நீரைப் பற்றிய பாடம் எமக்கு நேரடியாக உதவக்கூடியது. மன்னார்த் தீவின் மணலுக்கு அடியில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது ஒரு விதி. மறுபக்கமாகப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உவர் பல மடங்கு மேலே ஏறிவரும். உம்மம்மாவின் காலத்தில் துலாவாலும் வாளியாலும் அள்ளினார்கள். அந்த வேகம் கிணற்றுக்குத் தாங்கியது. இன்னொன்று, மலகூடக் குழி. வளவு சிறிதாகச் சிறிதாகக் கிணறும் குழியும் நெருங்கும். மணலில் நீர் இலகுவாக ஊடுருவும். ஒரு வீட்டுத்திட்டத்தில் வளவுக்கு எத்தனை பேர்ச் என்று முடிவெடுப்பவர் உண்மையில் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் முடிவெடுக்கிறார்.

வாழ்வாதாரம் பற்றிய பாடத்தில் ஒரு குடும்பத்திடம் உள்ளவற்றை ஐந்தாகப் பிரித்துப் பார்க்கப் பழக்குகிறார்கள்: உடலும் அறிவும், நிலமும் கடலும், பணம், வீடு வள்ளம் போன்ற பொருள்கள், உறவும் சங்கங்களும். தீவின் வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். சோளகக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். தொழிலாளர்கள் வாடியை மாற்றி மாற்றிப் போடுவது இதனால்தான். வள்ளமும் வலையும் சம்மாட்டியுடையதாக இருந்தால் பிடித்த மீனின் விலையும் பெரும்பாலும் அவர் கையில்தான். கடன் வாங்கியவர் வேறிடத்தில் விற்க முடியாது. புதிய வலை கொடுக்கும் திட்டம் வந்தாலும் இந்தக் கடன் முடிச்சு அவிழாவிட்டால் பயன் யாருக்குப் போகும் என்பது நல்ல பரீட்சை வினா. இழுவைப்படகுகள் வேறு. அடிமட்ட இழுவை மீன்பிடியை எமது பாராளுமன்றம் 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. கடலில் அது நின்றுவிட்டதா என்பதைக் கரையில் உள்ளவர்களிடம் கேட்டால் தெரியும்.

செயற்றிட்ட முகாமைத்துவம் என்ற பாடமும் உண்டு. நோக்கம், வெளியீடு, குறிகாட்டி என்று கட்டம் கட்டமாக நிரப்பும் அட்டவணைகள். வேலைக்கு அவசியம் என்கிறார்கள். வாசிக்க எனக்கு அலுப்பாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

பட்டதாரிகள் ஒரு கிராமத்தில் உண்மையாகவே என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் அம்பாறையில் இருக்கிறது. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்காலில் தலைப்பக்க விவசாயிகளுக்குத் தண்ணீர் அதிகம், கடைப்பக்கத்துக்கு வருவதே இல்லை. தலைப்பக்கம் சிங்கள விவசாயிகள். கடைப்பக்கம் தமிழ் பேசுபவர்கள். 1981இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து சுமார் 30 இளம் பட்டதாரிகளை அந்தக் கிராமங்களில் தங்கவைத்தன. அவர்கள் கையில் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரே கிளை வாய்க்காலைப் பயன்படுத்தும் சில விவசாயிகளைச் சேர்த்தார்கள். தண்ணீர் குறைந்த வருடமாக இருந்தும் சில வாரங்களுக்குள் விவசாயிகள் தாமாகவே வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சி, மிச்சத்தைக் கடைப்பக்கத்துக்கு விட்டார்கள். இனம் வேறு, மொழி வேறு, ஆனாலும் விட்டார்கள். இந்த அனுபவத்தை நோர்மன் அப்போஃப் 1992இல் ஒரு நூலாக எழுதினார். எமது கட்டுக்கரைக்குளத்தின் கீழும் தலைப்பக்க வயல், கடைப்பக்க வயல் உண்டு. நானாட்டான், முருங்கன் பக்கத்துத் தோழிகள் இதைப் பற்றி வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

மன்னாரில் இன்று எல்லோரும் பேசுவது காற்றாலை. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியில் 30 கோபுரங்கள் தீவின் தென்கரையோரம் நிற்கின்றன. நாட்டுக்குச் சுமார் 100 மெகாவோற் மின்சாரம். நிலக்கரி எரிக்காத மின்சாரம் நல்லதுதான். ஆனால் கோபுரங்களுக்குப் போட்ட பாதைகள் மழைநீரை மறிக்கின்றன என்றும் மீன் வரத்து குறைந்துவிட்டது என்றும் கரையோர மக்கள் சொல்கிறார்கள். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். தூர தேசப் பறவைகள் வரும் வழியில் இந்தத் தீவு இருக்கிறது. புதிய கோபுரங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வேலையை ஒரு மாதம் நிறுத்திவைக்கும்படி ஜனாதிபதி பணித்தார்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பது தேசிய சுற்றாடல் சட்டம். அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாட்கள் வைக்கப்படும். யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். தடித்த புத்தகம், படங்களும் அட்டவணைகளும். எங்கள் ஊரில் அந்த 30 நாளுக்குள் அதை வாசித்து, "இந்த இடத்தில்தான் வெள்ளம் வடிகிறது, உங்கள் படத்தில் அது இல்லை" என்று எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர்? வீதிக்கு வருவதற்கு முன்னே செய்யக்கூடிய வேலை அது. அதைச் செய்ய ஆள் வேண்டும்.

வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம், மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் உள்ள திட்டமிடல் பிரிவுகள், உள்ளூராட்சி மன்றங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை உண்டு. தகுதியுள்ள பட்டதாரிகள் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைத் திட்டமிடல் சேவைக்குப் போகலாம். பட்டம் எடுத்த மறுநாளே வேலை என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பட்டத்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

உம்மாவின் பயம் வேறு. நான்கு வருடம் விடுதி, கள ஆய்வு என்று ஊர் ஊராகப் போவது, ஆங்கிலம். மூன்றும் உண்மையான கஷ்டங்கள். ஆங்கிலத்துக்கு நான் இப்போதே உழைக்கிறேன். கள ஆய்வு பற்றி உம்மாவிடம் ஒன்று கேட்டேன்: "திட்டத்துக்கு ஆட்கள் வந்து கதைச்சப்போ உங்களோட யாராச்சும் கதைச்சாங்களா?" உம்மா யோசித்துவிட்டு, "வாப்பாவோட வெளியில நின்டு கதைச்சிட்டுப் போனாங்க" என்றார். அடுப்படி எந்தப் பக்கம் வேண்டும், மலகூடத்துக்கு இரவில் எப்படிப் போவது, தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரம் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளுக்குள் வந்து, உம்மாமாரோடு பாயில் உட்கார்ந்து இவற்றைக் கேட்க ஒரு பெண்ணால்தான் முடியும். கிராம அபிவிருத்திச் சங்கங்களோடு மாதர் சங்கங்களையும் தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் அங்கே பேசப்படுவது வரைபடத்துக்குப் போக வேண்டுமென்றால் வரைபடம் வரையும் மேசையிலும் ஒரு பெண் இருக்க வேண்டும்.

உம்மா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா, "முதல்ல இசட் புள்ளி வரட்டும்" என்றார். அது மறுப்பா சம்மதமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

நான் வரைந்த தாள் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அதை உம்மம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மையவாடிக்குப் போகும் ஒழுங்கையில் விரலை வைத்து, "இதுல ஒரு கிணறு இருந்திச்சு புள்ள, அத நீ விட்டுட்டாய்" என்றார். அந்த இடத்தில் இப்போது உடைமுள் பற்றைதான் நிற்கிறது. பரீட்சை முடிந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.